சிவப்புப் பொத்தானும் என் அக்காவின் இதயமும்

சின்ன வயதிலிருந்து என் தலையில் குட்டி வளர்த்த அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்கிறாய். அதைத்தான் நான் நம்பவில்லை.

உனக்குப் படியேறினால் மார்பை அடைக்கிறது, டாக்டர் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைக்கச் சொல்லிவிட்டார். நீயோ, "வெறும் வாயுடா, இந்த வயசுல எனக்கெதுக்கு ரிப்பேர்? அதெல்லாம் ஆம்பளைங்களுக்கு" என்று போனை வைத்துவிட்டாய். ஆம்பளைக்கு வலித்தால் ஆம்புலன்ஸ், பொம்பளைக்கு வலித்தால் சோடாவா?

எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் ஒரே வருஷம் ஸ்டென்ட் வைத்து, பத்து வருஷம் ஓடிவிட்டது. போன வாரம் பரிசோதனைக்குப் போனோம். யார் இதயம் ஒஸ்தி என்று எங்களுக்குள் பந்தயம் வேறு. என் நெஞ்சில் வயர்களை ஒட்டி டிரெட்மில்லில் ஏற்றினார்கள், நடந்தேன், அடியில் 'கிறீச்' என்றது, காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் கை சும்மா இருக்குமா, தானாகப் போய் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டது, மிஷின் நின்றது, நான் நிற்கவில்லை, வயரெல்லாம் பிடுங்கிக்கொண்டு திரையில் நேர்கோடு! நர்ஸ் அலற, டாக்டர் ஓடிவந்து பார்த்தால், நான் குப்புறப் படுத்து மிஷினுக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

"என்ன சார் பண்ணுது?"

"பேரிங் போயிடுச்சு டாக்டர். எனக்கில்ல, இதுக்கு."

"அவரை விடுங்க, வீட்லயும் இதே கூத்துதான்" என்று இவள் பக்கத்து மிஷினில் ஏறி, நர்ஸோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே நடந்து முடித்தாள். பந்தயத்தில் எனக்குத்தான் தோல்வி. டாக்டர் சொன்னார்: "அம்மா மாத்திரையை விடறதில்ல, தினம் நடக்கறாங்க. புது கேபிள் போட்ட லிஃப்டை சர்வீஸ் பண்ணாம விடுவீங்களா சார்?"

வீட்டுக்கு வந்தால் லிஃப்ட் ஓடவில்லை. நான் பாதிப் படியில் மூச்சு வாங்க நிற்கிறேன், மேலிருந்து இவள் குரல்: "உயிரோடதானே வர்றீங்க?" அக்கா, பத்து வருஷத்துக்கு முன்னால் இவளும் வாயு என்றுதான் சொன்னாள். அதை நம்பிச் சும்மா இருந்திருந்தால் இந்தக் குரல் ஏது? எனக்கு உன் குரலும் வேண்டும், திட்டுவதற்காவது.

கட்டாயமில்லை. ஆற அமர யோசித்து, ஒரு மாதம் கழித்துப் பதில் போட்டாலும் போதும். மாமாவுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

குட்டுக்கு ஏங்கும்,
உன் தம்பி

பி.கு.: யோசிக்கவெல்லாம் நேரமில்லை. கடிதத்தை உன் கையில் கொடுத்தாளே என் வீட்டுக்காரி, அவள் இந்நேரம் உன் துணிகளைப் பையில் அடுக்கி முடித்திருப்பாள். ஆஸ்பத்திரியில் நாளைக்கு இடம் சொல்லியாச்சு, மாமாவுக்கும் தெரியும். நான் கீழே காரில் உட்கார்ந்திருக்கிறேன்; மேலே வரப் பயம். நின்னு நின்னு, மெதுவா, என்னைக் குட்டறதுக்காவது இறங்கி வா அக்கா.