நிழல் காட்டாதீர்கள்

திருநெல்வேலி வெயிலைத் திட்டாத ஒரே மனிதரை எனக்குத் தெரியும். ஊரில் அவருக்கு ஆம்பியர் அண்ணாச்சி என்று பெயர். இந்தச் சித்திரையில் அவருடைய வேன் விஷயமாக நடந்தவை, வரிசைப்படி:

1. அண்ணாச்சி ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே கட்டிலும் ஸ்டவ்வும் வைத்து வீடாக்கினார்.
2. அதன் கூரையில் நான்கு சோலார் தகடுகளை ஏற்றினார். எத்தனை தகடு, எவ்வளவு பெரிய பேட்டரி என்ற கணக்கு என்னுடையது.
3. இரண்டு முறை வெள்ளோட்டம் போனார். இரண்டு முறையும் பேட்டரி படுத்துவிட்டது.
4. இஞ்சினியரம்மா கணக்கு தப்பு என்று பாளையங்கோட்டை பேசியது.

நான் இஞ்சினியர் இல்லை. மின்னியலில் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு பாலிடெக்னிக்கின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தங்கியிருக்கும் மகளிர் விடுதிக்கு எதிரே அண்ணாச்சியின் பேட்டரி சார்ஜ் கடை. விடுதியின் எமர்ஜென்சி விளக்கைத் தூக்கிக்கொண்டு போனபோது பழக்கம்.

எதைக் கண்டாலும் அது எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று கேட்பார். கல்யாண வீட்டில் சீரியல் செட்டைப் பார்த்துக் கேட்டார், நியாயம். கோயில் யானையைப் பார்த்தும் பாகனிடம் கேட்டார். பாகன் யோசித்தாராம்.

வேனுக்குக் காரணம் அவர் மனைவி. நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினிக்குச் சர்க்கரை நோய், தினமும் இரண்டு வேளை இன்சுலின். அந்த மருந்து குளிரில் இருக்கவேண்டும். ஒருமுறை பிளாஸ்கில் ஐஸ் போட்டு ரயிலேறி, வழியில் ஐஸ் உருகி, மருந்து கெட்டு, பாதியில் இறங்கி ஆஸ்பத்திரியில் படுத்தார். அதோடு வெளியூர்ப் பயணத்துக்கு முழுக்கு. ஓசூரில் மகளுக்குக் குழந்தை பிறந்து எட்டு மாதம். மதினி இன்னும் போட்டோவில்தான் பேத்தியைப் பார்த்திருந்தார்.

அண்ணாச்சி காயல்பட்டினம் போய், கல்ஃபிலிருந்து வந்த ஒருவரிடம் கார் பேட்டரியில் ஓடும் குளிர்பெட்டி ஒன்றைப் பிடித்து வந்தார். அப்படியே என்னையும் பிடித்தார்.

“வெயிலு சும்மாத்தான கொட்டுது. பிடிச்சு வைக்க ஒரு கணக்குப் போட்டுத் தாங்க.”

போட்டேன். குளிர்பெட்டி, விளக்கு, சின்ன மின்விசிறி. அவ்வளவுதான் தாங்கும். அண்ணாச்சியின் பட்டியலில் டிவி, மிக்ஸி, தேங்காய் துருவும் மோட்டார் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாக அடித்தேன். மிக்ஸியை அடித்தபோது முகம் வாடினார். மறுநாள் வேனில் அம்மிக்கல் ஏறியிருந்தது. பட்டியலில் எழுதியிருந்தார்: அம்மி, பூஜ்யம் ஆம்பியர்.

பராமரிப்புக்கும் பதினொரு குறிப்புகள் எழுதிக் கொடுத்தேன். தூசி துடைக்கவும். பேட்டரியில் தண்ணீர் அளவு பார்க்கவும். தகடு சூடானால் மின்சாரம் குறையும், கவனிக்கவும். இப்படி.

வெள்ளோட்டத்தில் மருந்தைப் பிளாஸ்கிலேயே வைத்துக்கொண்டு, பெட்டிக்குள் சோதனைக்கு வெண்ணெய் வைத்தார்கள். இரண்டு நாள் பாபநாசம் போய் வந்தார்கள். வெண்ணெய் உருகியிருந்தது. அடுத்து திருச்செந்தூர். அங்கும் உருகியது. மதினி கோபப்படவில்லை.

“இன்னொரு தடவ போவோம். அதுலயும் உருகுச்சுன்னா வண்டிய வித்துருங்க. நான் போட்டோவ பாத்துக்கிடுதேன்” என்றார்.

அந்த இன்னொரு தடவைக்கு நானும் ஏறினேன். மடியில் கணக்கு நோட்டு, கையில் மீட்டர். போன இடம் நாங்குநேரி.

நெடுஞ்சாலை நெடுகப் புளியமரம். நாங்குநேரிக்குள் நுழைந்ததும் அண்ணாச்சி வேகத்தைக் குறைத்து எதையோ தேடினார். வாசலில் நின்ற ஒருவர் கேட்காமலே கை காட்டினார்: “அண்ணாச்சி, அங்கன வேம்பு நிக்கி. பைய ஒடிச்சு உள்ள விடும்.” அண்ணாச்சி நன்றியோடு ஸ்டியரிங்கை ஒடித்து, தெருவிலேயே பெரிய வேப்பமரத்தின் நட்டநடு நிழலில் வேனை நிறுத்தினார். பிறகு கூரையில் ஏறி, நனைத்த கோணிச் சாக்கை நான்கு தகடுகளின் மேலும் பிள்ளைக்குப் போர்த்துவதுபோல் போர்த்தினார்.

மீட்டரைப் பார்த்தேன். உச்சி வேளை. முள் அசையவில்லை.

“அண்ணாச்சி, வண்டிய ஏன் இங்கன விட்டீங்க?”

“பின்ன, இந்த வெயில்லயா விடச் சொல்லுதிய?”

“சாக்கு எதுக்கு?”

“தகடு சூடானா கரண்டு குறையும்னு நீங்கதான எழுதித் தந்திய?”

எழுதித்தான் தந்திருந்தேன். சூட்டில் கொஞ்சம் குறையும். சாக்குக்கு அடியிலோ ஒன்றுமே வராது. என் பதினொரு குறிப்புகளில் எங்குமே வெயிலில் நிறுத்தவும் என்று இல்லை. அதையெல்லாமா எழுதுவார்கள் என்று விட்டிருந்தேன். நிழலைக் கண்டால் வண்டியை ஒதுக்கும் ஊர் இது. அண்ணாச்சியின் கைகள் அவரைக் கேட்காமலே ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்கின்றன.

மதினி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புருஷனிடம் சொன்னார்:

“ஆனைட்ட கேட்டிய, ஆம்பியர் எத்தனன்னு. சூரியன்ட்ட ஒரு வார்த்த கேட்டியளா?”

சாக்கு இறங்கியது. வேன் வெட்டவெளிக்குப் போனது. நாங்கள் மூவரும் வேம்பின் கீழ் உட்கார்ந்து, மீட்டர் முள் எழுந்து நிற்பதைப் பார்த்தோம். அண்ணாச்சி எழுந்து ஒரு கும்பிடு போட்டார். சூரியனுக்கா மீட்டருக்கா தெரியவில்லை. ஆனால் கால் மணி நேரத்துக்கு ஒருவராக நல்ல மனிதர்கள் வந்து, வண்டியை நிழலில் விடச் சொல்லி மன்றாடினார்கள். ஒருவர் தானே தள்ளிவிடவும் துணிந்தார். அன்று மாலைவரை வண்டியைக் காப்பாற்றுவதே வேலையாக இருந்தது. அடுத்த நாள் ஊர் திரும்பியபோது வெண்ணெய் கெட்டியாக இருந்தது. மதினி விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, புடவைகளை எடுத்து வைக்கப் போனார்.

அண்ணாச்சி வேனின் இரண்டு பக்கமும் பெயிண்டரை வைத்து எழுதச் செய்தார்: தயவுசெய்து நிழல் காட்டாதீர்கள்.

ஓசூர் போகும் வழியில் தங்கிய ஊர் ஒவ்வொன்றிலிருந்தும் எனக்கு ஓர் அஞ்சலட்டை. “12.6 வோல்ட். மதினி சுகம்.” “12.5. மேகம். மதினி சுகம்.” வேறு ஒரு சொல் கிடையாது. பன்னிரண்டரையை ஒட்டி இருந்தால் பேட்டரி தெம்பாக இருக்கிறது என்று பொருள்.

கடைசி அட்டை நேற்று வந்தது. “இந்த ஊரில் வெயில் தரமில்லை. ஆனாலும் 12.4. மகள் வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறது, நான் மருந்தை அதில் வைக்கவில்லை. பேத்தி மதினி மடியை விட்டு இறங்கமாட்டேன் என்கிறாள்.”

ஆக, இன்றைய நிலவரம்: வேன் ஓசூரில் வெயிலில் நிற்கிறது. மருந்து குளிர்ந்திருக்கிறது. எதிர்க்கடை பூட்டியிருக்கிறது. விடுதியின் எமர்ஜென்சி விளக்கு சார்ஜ் இறங்கி ஒரு வாரமாகிறது. வேறு கடைக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை.