மஞ்சள் செருப்பின் வலது கால்

ஸ்கார்பரோ,
செவ்வாய்க்கிழமை, மாலைத் தேநீருக்குப் பின்.

விட்பியில் இருக்கும் அன்பு அக்கா எனிட்டுக்கு, தம்பி வில்ஃப்ரெட் மரியாதையுடன் எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்றவர்கள் சௌக்கியம். அங்கே நீயும் உன் பூனையும் அடுப்பங்கரையை விட்டு நகராமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஹேசல் உனக்குப் போன் செய்திருப்பாள். அப்பாவுக்கு மூளை குழம்பிவிட்டது, முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா என்று கேட்டிருப்பாள். அந்த இல்லத்தின் விளம்பர வண்ணப் புத்தகம் ஒரு வாரமாக எங்கள் மேஜையில் மார்மலேட் பாட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. ஜன்னலில் கடல் தெரியுமாம், மாலை ஐந்து மணிக்கே இரவுச் சாப்பாடாம். ஐந்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மனுஷன் என்ன செய்வான் அக்கா, கடலையே முறைத்துக்கொண்டிருப்பானா? நீ சொன்னால் என் மகள் தட்டமாட்டாள். அதனால் நீ வாயைத் திறக்கும் முன் என் தரப்பைக் கேள்.

ஹேசல் வேலை பார்க்கும் செருப்புக்கடைக்கு மேல் மாடியில்தான் நாங்கள் குடியிருக்கிறோம் என்பது உனக்குத் தெரியும். பிப்ரவரி முதல் வாரமே கோடைக்காலச் சரக்கு வந்து இறங்கிவிட்டது. வெளியே பனிமழை சாய்த்து அடிக்கிறது, கண்ணாடி ஜன்னலுக்குள் விரல் தெரியும் செருப்புகள் வெயில் காய்வதுபோல் வரிசையாக நிற்கின்றன. நம் ஊர்ப் பெண்கள் ரப்பர் பூட்ஸோடு வந்து, இரண்டு கம்பளிக் காலுறைகளை உரித்து, நீலம் பாய்ந்த விரலை நுழைத்துப் பார்த்து, "ஜூலைக்கு ஆகும்" என்று வாங்கிப் போகிறார்கள். அடுக்கில் வைப்பது வலது கால் மட்டும், எல்லாம் நாலாம் நம்பர். இடது கால்கள் சரக்கு அறையில் பெட்டிக்குள் கிடக்கும், ஜோடியாக வைத்தால் எவளாவது மாட்டிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவாள் என்பதால். மொத்தம் நாற்பது தினுசு. நடு அடுக்கில் ஒரு மஞ்சள் செருப்பு, மெல்லிய வார், தக்கைக் குதிகால், பித்தளைக் கொக்கி. அதுதான் என் குடியைக் கெடுத்தது.

எங்கள் தெருவில் புதன்கிழமை அரை நாள்தான் கடை. அன்று மூன்று மணிக்கு நான் கோப்பையும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன், கீழே டக் என்று ஒரு சத்தம், கொஞ்சம் இடைவெளி, மறுபடி டக். ஒற்றைக் காலால் யாரோ நடக்கிற மாதிரி. ஹேசல் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தாள். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கடை பூட்டியபடியே இருந்தது. உள்ளே, தெருவைப் பார்த்து நிற்க வேண்டிய செருப்புகளெல்லாம் சரக்கு அறைக் கதவைப் பார்த்துத் திரும்பி நின்றன. மஞ்சள் செருப்பு அடுக்கிலேயே இல்லை. தரையில் இறங்கி, அந்தக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது.

"அப்பா, லாரி போனா அதிரும்" என்றாள் ஹேசல்.

"அதிர்ந்தா கீழ விழும்மா. திரும்பி நின்னு கதவைப் பாக்குமா?"

"டீயில என்னத்த ஊத்திக்கிட்டீங்க?"

அடுத்த புதன்கிழமை, கால் அளக்கும் மரப்பலகையை ஆயுதம்போல் பிடித்துக்கொண்டு கடைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணிக்கு அடுக்கில் டக் டக். உடனே சரக்கு அறையில், மூடிய பெட்டிகளுக்குள்ளிருந்து, பதிலுக்கு டக் டக். "யாரது?" என்றேன். எல்லாம் ஒரே நேரத்தில் நின்றது. சத்தம்கூட என்னைப் பயமுறுத்தவில்லை அக்கா. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அவை சும்மா இருந்ததுதான் பயமுறுத்தியது. அப்புறம் கொஞ்ச நேரத்தில் பயம் போய் இரக்கம் வந்துவிட்டது. என் பார்பரா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் நான் கட்டிலின் ஒரு ஓரத்தில்தான் படுக்கிறேன், மறுபாதியில் கை போட மனசு வரவில்லை. எனக்குத் தெரியாதா? பெட்டிகளைத் திறந்து நாற்பது இடது கால்களையும் கொண்டுவந்து அதனதன் ஜோடியோடு சேர்த்துவைத்தேன். கடை முழுக்க அப்படி ஒரு அமைதி. நிம்மதியாக மாடியேறி வந்து தூங்கினேன்.

மறுநாள் காலை ஹேசல் பணப்பெட்டியைத் திறப்பதற்குள், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள் இரண்டு ஜோடியை மாட்டிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டார்கள். அடுக்கில் சேறு வழியும் அவர்களுடைய ரப்பர் பூட்ஸ் நின்றது. அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா மிசஸ் ஆக்டன் உள்ளே வந்தாள்.

"வில்ஃப்ரெட், இது கடையா, இல்ல இதுங்களுக்குக் கல்யாணம் பண்ணிவைக்கிற சர்ச்சா?"

ஹேசலுக்கு வேலை போகாமல் இருந்ததே பெரிய விஷயம். எல்லா ஜோடியையும் என் கண்ணெதிரே பிரித்தார்கள். நான் அழுதுவிட்டேன். அன்று மாலைதான் அந்த வண்ணப் புத்தகம் மேஜைக்கு வந்தது. "அப்பா, உங்களைத் தனியா விட்டுட்டு வேலைக்குப் போக எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அவளும் அழுதாள், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே அக்கா, நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பழைய கட்டிடம், மரத்தரை, லாரி. இன்று காலை ஹேசலிடமும் "லாரிதான்மா" என்று ஒப்புக்கொண்டேன். மஞ்சள் செருப்பின் அடி தேய்ந்திருக்கிறது, யாரோ போட்டு நடந்திருக்கிறார்கள் என்று மிசஸ் ஆக்டன் அந்த ஜோடியை என் தலையில் கட்டிவிட்டாள். உனக்கும் நாலாம் நம்பர் கால்தானே. வலது காலை இன்று தபாலில் அனுப்பிவிட்டேன், பிறந்தநாள் பரிசாக வைத்துக்கொள். அட்டைப்பெட்டியில் இரண்டு நுழையவில்லை. இடது கால் எங்கள் அலமாரியில் இருக்கிறது, அடுத்த வாரம் வரும். நீ ஞாயிற்றுக்கிழமை ஹேசலுக்குப் போன் செய்து, "வில்ஃப்ரெட் தெளிவாத்தான் இருக்கான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் என் வீட்டிலேயே சாவேன்.

குளிருக்கு மார்பை மூடிக்கொண்டு வெளியே போ. பூனைக்கு என் விசாரிப்பு. கடவுள் உனக்கு மழையில்லாத வசந்தத்தைக் கொடுக்கட்டும்.

உன் தெளிவான தம்பி,
வில்ஃப்ரெட் கார்சைட்

பி.கு.: புதன்கிழமை, மூன்றேகால். கடிதத்தைத் தபாலில் போட மறந்துவிட்டேன், நல்லதாகப் போயிற்று. காலையிலிருந்தே அலமாரிக்குள் டக் டக். நான் குணமானவன், அதனால் எனக்குக் கேட்கவில்லை. மூன்று மணிக்கு ஹேசல் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்பா, தெருக்கதவை யாரோ தட்டுறாங்க."

"எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா."

"ரொம்பத் தாழ்வா தட்டுறாங்கப்பா. தரையோட தட்டுறாங்க."

இறங்கிப் போனவள் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது அவள் கையில் மஞ்சள் செருப்பு, சொட்டச் சொட்ட நனைந்து, வாரெல்லாம் விட்பி வழியில் இருக்கும் மேட்டுநிலத்துக் கரிச்சேறு. குதிகாலில் பழுப்புக் காகிதத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது, அதில் என் கையெழுத்தில் உன் முகவரி. ஹேசல் அலமாரியைத் திறந்து, அதை இடது காலுக்குப் பக்கத்தில் வைத்தாள். சத்தம் நின்றது. அந்த வண்ணப் புத்தகத்தை எடுத்து அடுப்பில் போட்டாள்.

ஆகவே நீ ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய வேண்டாம். பெட்டி ஓட்டையோடு வந்தால் தபால்காரனைத் திட்டாதே. பிறந்தநாளுக்குக் கையுறை அனுப்பலாமா என்று யோசித்தேன், அதுவும் ஜோடி. கேக் அனுப்புகிறேன்.

ஹேசல் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் காலைக் கீழே இறக்கினாள்.

"கடைச் சாவியை எடுங்கப்பா. கீழ இன்னும் முப்பத்தேழு ஒத்தையா நிக்குது."