தள்ளினால்தான் கிளம்பும்

பேட்டரி தானாகவே இறங்கிவிடுகிறது என்று என் மனைவி சொல்லிவந்ததைச் சில வருடங்களாகவே நான் முழுதாக நம்பவில்லை. நம்பவில்லை என்று அவளிடம் சொல்லும் தைரியமும் வரவில்லை.

என் கார் என்னைவிட மூத்தது. அதன் ஸ்டீயரிங்கை நான் யாருக்கும் தந்ததில்லை. ஞாயிறு காலை அதைத் துடைத்து, மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, "கதவை மெதுவா சாத்து, சீட்டுல நகம் படாம உக்காரு" என்று பாடம் நடத்தியபடியே ஓட்டுவேன். சைக்கிள்காரர்கள் மணியடித்து எங்களைத் தாண்டிப் போவார்கள்.

அப்புறம்தான் இந்த நோய் வந்தது. சாவியைத் திருப்பினால் 'டொக்'. அவ்வளவுதான்.

"என்னங்க ஆச்சு?"

"பேட்டரி இறங்கிடுச்சு."

"வயசாயிடுச்சுல்ல. சும்மா நின்னாலே தானா இறங்கிடும்."

"யாருக்கு வயசாயிடுச்சு?"

"காரைத்தாங்க சொன்னேன். நீங்க ஏன் முறைக்கிறீங்க?"

தள்ளித்தான் கிளப்ப வேண்டும். ஒருவர் உள்ளே, ஒருவர் பின்னால். முதலில் நான் உள்ளே உட்கார்ந்தேன், அவள் தள்ளினாள். கார் அசையவில்லை, எதிர்வீட்டு ஜன்னல்கள்தான் ஒவ்வொன்றாகத் திறந்தன. கல்யாணத்துக்கு முன்பே ஓட்டத் தெரிந்தவள் அவள்; மானம் போகுமுன் இடம் மாறிக்கொண்டோம். நான் மூச்சுவாங்கத் தள்ளினேன். "கிளட்சை விடு!" என்று கத்தினேன். கார் தும்மியது, இருமியது, பறந்தது. புகை மட்டும் எனக்கு.

பேட்டரி ஏற வேண்டுமானால் அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அவள் என் பேச்சைத் தட்டாதவள். முக்கால் மணி நேரம் ஓட்டுவாள். நான் வாசலில் வியர்வையோடு நிற்பேன். எந்தத் தெருவில் திரும்பியிருப்பாள்? கண்ணாடியை இறக்கிவிட்டிருப்பாளா? திரும்பும்போது முடி கலைந்து, வாயில் ஏதோ பாட்டு முணுமுணுக்க வருவாள். கல்யாணமான புதிதில் நான் பார்த்த முகம். அதை எங்கே போய் எடுத்துவருகிறாள் என்று கேட்கத்தான் வாயைத் திறப்பேன்.

"பெட்ரோல் எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்று கேட்பேன்.

நோய் மட்டும் தீரவில்லை. பெல்ட்டை இறுக்கினேன். பேட்டரி முனைகளைத் தேய்த்தேன். டைனமோவைக் கழற்றி மெக்கானிக்கிடம் தூக்கிப்போனேன். "இது நல்லாத்தான் இருக்கு சார், நீங்கதான் இளைச்சுட்டீங்க" என்றார். புது பேட்டரி போட்டேன். அதுவும் அடுத்த ஞாயிறே படுத்தது.

போன வாரம், அவள் கடைக்குப் போயிருந்தபோது, பேட்டரி வயரைக் கழற்றி நடுவில் ஒரு சின்ன பல்பைக் கோத்தேன். எல்லாம் அணைந்திருந்தால் அது எரியக் கூடாது. எரிந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். டேஷ்போர்டு பெட்டியின் விளக்குக்கான ஃபியூஸ் வந்ததும் பல்பு அணைந்தது. பெட்டியின் மூடியைப் பார்த்தேன். முழுதாக மூட விடாமல் இடுக்கில் ஒரு தலைமுடி கிளிப். உள்ளே விளக்கு வாரம் முழுக்க எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

கிளிப்பைக் கையில் எடுத்தேன். பிடிபட்டாய் என்று உள்ளுக்குள் குதித்தேன். பிறகு யோசித்தேன். நோயைத் தீர்த்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஸ்டீயரிங் எனக்கு. அந்த முகம்?

கிளிப்பை இருந்த இடத்திலேயே செருகிவைத்தேன்.

ஞாயிறு காலை. 'டொக்'. நான் இறங்க, அவள் ஸ்டீயரிங் பக்கம் வந்து உட்கார்ந்தாள். நான் பின்னால் போகத் திரும்பினேன்.

"என்னங்க."

"என்ன?"

"கிளிப்பைச் சரியாவே வைக்கலை நீங்க. மூடி முழுசா மூடிக்கிச்சு, விளக்கே எரியலை. நல்லவேளை, அன்னிக்கே பார்த்து நான் சரி பண்ணிட்டேன்."

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஜன்னலருகே குனிந்தேன். இத்தனை வருடமாகக் கேட்க நினைத்ததில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"தள்ளுறேன். கிளம்பினதும், தெருமுனையில கொஞ்சம் நிறுத்தி என்னையும் ஏத்திக்குவியா?"