மாலை போட்ட படமும் உயிரோடு இருக்கும் மாமாவும்

கோட்டை, திருவனந்தபுரம்
ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி சுமந்துக்கு, சுப்பு மாமா அநேக ஆசீர்வாதம்.

இவ்விடம் நானும் உன் மாமி நாகலக்ஷ்மியும் சௌக்கியம். கடிதத்தில் இந்த வரியை எல்லோரும் கைப்பழக்கத்தில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். நான் இன்றைக்கு யோசித்து, பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறேன். நான் சௌக்கியம், அதாவது உயிரோடு இருக்கிறேன். 'தெரியுமே மாமா' என்று நீ சிரிப்பாய். உனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியவில்லை. அதற்குக் காரணம் நீதான்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவன் நான்; நடுவிலிருந்து ஆரம்பித்தால் கடைசி பெஞ்சுக்கு விளங்காது என்பது எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் மாமி பெங்களூரில் நம் பெண் மாளவிகா வீட்டுக்குப் போயிருந்தபோது நீ கொச்சியிலிருந்து வந்தாயே, நினைவிருக்கிறதா? ஏதோ சண்டைத் தொடரில் உதவி இயக்குநராக இருப்பதாகச் சொன்னாய். நான் பண்ணின அரிசி உப்புமாவை ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டாய். பிறகு கூடத்தில் நின்று, நான் ஓய்வு பெற்ற அன்று சால்வையோடு எடுத்த என் படத்தையே ரொம்ப நேரம் பார்த்தாய். "கண்ணாடியில கீறல் இருக்கு மாமா, நல்ல கண்ணாடியா மாத்திக் கொண்டுவரேன்" என்று கழற்றி எடுத்துக்கொண்டு போனாய். இந்தக் காலத்துப் பையனுக்கு மாமா படத்தின் மேல் இத்தனை அக்கறையா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மாமி திரும்பி வந்து, சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் மட்டும் இருப்பதைப் பார்த்து "படம் எங்கேன்னா?" என்று கேட்டபோதெல்லாம், "சுமந்த் கிட்டே பத்திரமா இருக்கு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நம் வீட்டு டிவி செய்திக்கும் கச்சேரிக்கும் மட்டும் உயிர் பெறும். அதனால் சனிக்கிழமை சாயங்காலங்களில் 'தப்பிய தோட்டா' என்று ஒன்று ஓடுவதோ, அதை மலையாளத்திலும் தமிழிலும் ஊரே பார்ப்பதோ எங்களுக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கபாண்டி வந்தான். என் பழைய மாணவன், பழவங்காடிப் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறான். எப்போது வந்தாலும் ஒரு சீப்பு நேந்திரம்பழமாவது இல்லாமல் படி ஏற மாட்டான். அன்றைக்கு வெறுங்கையோடு நின்றான். கதவைத் திறந்த என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "சார், நல்லா இருக்கியளா?" என்றான். நன்றாக இருக்கிறேன் என்றேன். "நெசமாவே நல்லா இருக்கியளா?" என்றான். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மாமி கொடுத்த தண்ணீரைக் குடித்தான். பிறகு எழுந்து, சொல்லிக்கொள்ளாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். பாவம், வீட்டில் ஏதோ மனக்கஷ்டம் என்று நினைத்து நான் வருத்தப்பட்டேன்.

அடுத்து ஷீனா டீச்சர் வந்தாள். என்னோடு வேலை பார்த்தவள், கலகலப்பான மனுஷி. வெள்ளைப் புடவையும் கையில் மடித்த கைக்குட்டையுமாகப் படியேறி வந்தவள், கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். "அய்யோ, சாரா" என்றாள். ஆமாம், நான்தான் என்றேன். "ஒந்நுமில்ல சாரே, ஞான் ஈ வழி போயப்போ வெறுதே கேறியதா" என்றாள். அவள் வீடு இருப்பது ஊருக்கு மறுகோடியில். சும்மா இந்த வழியாகப் போகிறவள் இரண்டு பஸ் மாறி எப்படி வருவாள் என்று யோசித்தேன். அவளும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள். 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் கிளம்புவது எந்த வீட்டிலிருந்து என்று உனக்கே தெரியும். மாமிக்கு அப்போதே மனசில் ஏதோ உறுத்தியிருக்கிறது. "ஏன்னா, நம்மாத்துலேந்து போறவா யாரும் சொல்லிண்டு போகமாட்டேங்கறாளே" என்றாள். மரியாதை குறைந்துபோன காலம் என்று நான் சமாதானம் சொன்னேன்.

இனி நெல்லையப்பனைப் பற்றி. அவனும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து, ஒன்றாகவே நடைப்பயிற்சி போய், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை இரண்டாகப் பிரித்துப் படித்தவர்கள். அவன் பெண் கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதி பரிமாறினார்கள். தேங்காய்ப்பாலும் இஞ்சியும் சேர்ந்து அமிர்தமாக இருந்தது. நான் மனம் நிறைந்து, பந்தி முழுக்கக் கேட்கும்படி, "பிள்ளைவாள், இஷ்டு பிரமாதம்" என்று சொன்னேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நாக்கு அது. அதற்குத் தேங்காய்ப்பாலில் காய் மிதந்தால் இஷ்டுதான். ஆனால் திருநெல்வேலிப் பிள்ளைமார் வீட்டுச் சொதியை, சம்பந்திகளை வைத்துக்கொண்டு, மலையாளத்து இஷ்டு என்று சொன்னால் என்ன ஆகும்? உதாரணமாக, ஒருவன் தன் பெண்ணை 'இவள் என் மகள்' என்று அறிமுகம் செய்யும்போது, 'பக்கத்து வீட்டுப் பெண் மாதிரியே இருக்காளே' என்று நீ சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி ஆயிற்று. அன்றிலிருந்து நெல்லையப்பன் எதிர்ப்பக்க நடைபாதையில் நடக்க ஆரம்பித்தான். நானும் பேப்பரை முழுசாகவே படித்தேன். முழுப் பேப்பர் படிப்பதில் ஒரு சுகமும் இல்லை.

அந்த நெல்லையப்பன்தான் அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றான். நான் கொல்லையில் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். மாமி விளக்கேற்றிவிட்டு, நெற்றியில் குங்குமமும் தலையில் பூவுமாக வந்து கதவைத் திறந்திருக்கிறாள். அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு நெல்லையப்பன் கண் கலங்கிச் சொன்னானாம்: "நல்ல காரியம்மா. பூவும் பொட்டும் உங்க இஷ்டம். இந்தக் காலத்துல அதையெல்லாம் பாக்கப்பிடாது."

"எதைப் பாக்கப்படாது பிள்ளைவாள்?" என்று மாமி கேட்டிருக்கிறாள்.

"தைரியமா இருங்க. நானும் வீம்பு புடிச்சு இருந்துட்டேன். கடைசியா அவன் மொகத்தப் பாக்கக் கொடுத்துவைக்கல. இப்ப சொல்லுதேன், அவன் சொன்னது சரிதான். அது இஷ்டுன்னே இருந்துட்டுப் போட்டும். அவனே போயிட்டான், பேர்ல என்ன இருக்கு?"

கொல்லையிலிருந்து ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே நான் கூடத்துக்கு வந்தது அந்தச் சமயம். நெல்லையப்பன் என்னைப் பார்த்தான். சுவரில் இருந்த வெள்ளைச் சதுரத்தைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

"என்னவே, நீரு சாவலியா?"

"இல்லையே" என்றேன். வேறென்ன சொல்வது?

"அப்போ அது சொதிதான்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படி இறங்கினான்.

மாமிதான் வாசலுக்கு ஓடி, "பிள்ளைவாள், இது மங்களமான ஆத்து வாசல். சொல்லிண்டு போங்கோ" என்றாள். அவன் கேட்டில் கை வைத்தபடி நின்றான். என்னைப் பார்க்காமல் மாமரத்தைப் பார்த்து, "வாறேன்" என்றான். பிறகு கிளம்பிப் போகாமல் திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, போனை எடுத்துக் காட்டினான்.

அப்போதுதான் உன் கைங்கரியம் தெரிந்தது. உன் 'தப்பிய தோட்டா'வில் ரேவா என்று ஒருத்தி. ஒரு கம்பெனி அவளைக் கூலிக்குக் கொலை செய்யப் பழக்கியிருக்கிறது. அவள் அந்தக் கம்பெனியை விட்டே ஓடிவந்து, அதன் முதலாளிகளை ஒவ்வொருத்தராகத் தீர்த்துக்கட்டுகிறாள். ஒவ்வொரு கொலைக்கும் முன்னால் செத்துப்போன தன் அப்பாவின் படத்துக்கு முன் நின்று, "அப்பா, உத்தரவு குடுங்கோ" என்கிறாள். சந்தன மாலையும் சிவப்பு பல்புமாக அந்தப் படத்தில் இருப்பது நான். சால்வை போர்த்திக்கொண்டு, கீறலோடு, சிரித்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடியைக்கூட நீ மாற்றவில்லை.

என் பழைய மாணவர்களின் வாட்ஸாப் குழுவில் ஒருத்தன் அந்தக் காட்சியைப் படமெடுத்து, 'இது நம்ம சார் இல்லையா?' என்று ஆச்சரியமாகத்தான் போட்டானாம். இரண்டாமவன் கண்ணில் பட்டது மாலை. அவன் கைகூப்பினான். மூன்றாமவன் 'ஆதராஞ்சலிகள்' என்று போட்டான். அதற்குப் பிறகு எல்லோரும் கைகூப்பிவிட்டார்கள். ஒருவன் தப்பாகப் போட்ட விடையைப் பார்த்து வகுப்பு முழுவதும் எழுதுகிற மாதிரிதான் இது. திருத்துகிறவனுக்கு அத்தனை பேரும் ஒரே விடை எழுதியிருப்பது சரிபோலவே தோன்றும். தங்கபாண்டியும் ஷீனா டீச்சரும் துக்கம் கேட்க வந்துவிட்டு, துக்கத்துக்குரியவனே கதவைத் திறந்தால் பாவம், என்னதான் பேசுவார்கள்?

நான் சிரித்துவிட்டேன், சுமந்த். மாமி சிரிக்கவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். "சுமங்கலி இருக்கற ஆத்துல புருஷன் படத்துக்கு மாலையா?" என்று ஒரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் நான் மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தால் மூக்குக்கு நேரே விரல் வைத்துப் பார்க்கிறாள். நான் குளியலறையில் பாடுவதை நிறுத்தினால் கதவைத் தட்டுகிறாள். என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்லே, பாடுங்கோ" என்கிறாள். என் குரலைப் பற்றி அவள் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவருவதை நீ கேட்டிருக்கிறாய். இப்போது பாடச் சொல்கிறாள் என்றால் அவள் எவ்வளவு பயந்துபோயிருக்கிறாள் என்று நீயே யோசித்துப் பார்.

இப்போது சனிக்கிழமைதோறும் நெல்லையப்பன் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறான். அந்தத் தொடரைப் பார்க்கவே வேண்டாம் என்று சொன்ன மாமியே முதலில் வந்து உட்காருகிறாள். ஷீனா டீச்சரும் மெனக்கெட்டு வருகிறாள். உன் தொடருக்கு என் வீட்டுக் கூடத்தில் கிடைக்கும் வரவேற்பை நீயும் தெரிந்துகொள்ள வேண்டும். போன வாரம் ரேவா விழிஞ்ஞம் துறைமுகத்துக் கிரேன் உச்சியிலிருந்து குதித்து மீன்பிடி வள்ளத்தில் வந்து நின்றாள். அந்த உயரத்திலிருந்து விழுகிறவளுக்குத் வள்ளத்தைத் தொடும்போது என்ன வேகம் இருக்கும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். உதாரணமாக, மாடியிலிருந்து ஒரு தேங்காய் விழுந்தால் என்று சொன்னதுமே, "சாரே, அவள் அவிடெ மரிச்சால் பின்னெ அடுத்த ஆழ்ச்ச நமக்கு எந்தா ஜோலி?" என்று, அவள் அங்கேயே செத்துவிட்டால் அடுத்த வாரம் நமக்கு என்ன வேலை என்று கேட்டு, ஷீனா டீச்சர் என் வாயை அடைத்துவிட்டாள். நெல்லையப்பனுக்கு வேறு சந்தேகம். "கம்பெனிய விட்டு ஓடிவந்தவ, அப்பங்கிட்ட உத்தரவு கேக்காளே. இவன்கிட்ட எந்தப் பையனும் ஒருநாளும் ஒரு லீவுகூட வாங்குனதில்லியே" என்கிறான். அது உண்மைதான். தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று கேட்கிற பையனிடம்கூட நான் காரணம் கேட்பேன். கொலைக்குக் காரணம் கேட்காமல் சிரித்துக்கொண்டே உத்தரவு கொடுக்கிற ஆசாமியாக என்னை ஆக்கியிருக்கிறாய். படம் திரையில் வரும்போதெல்லாம் மாமி தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரும்பி என்னைப் பார்க்கிறாள். நான் ஒரு தடவை இருமிக் காட்ட வேண்டியிருக்கிறது.

ஆகவே, நிதானமாகவே சொல்கிறேன். அடுத்த சனிக்கிழமைக்குள் அந்தப் படத்தை ரேவா வீட்டுச் சுவரிலிருந்து எடுத்துவிடு. அந்த இடத்தில் எங்கேயுமே இல்லாத ஒரு கற்பனை முகத்தை வரைந்து மாட்டு. முடியாது என்றால் ரேவாவுக்கு அப்பாவே கிடையாது, அநாதை என்று கதையை மாற்று. அதுவும் முடியாது என்றால் அந்தப் பெண்ணையே கிரேனிலிருந்து சரியான வேகத்தில் விழவைத்துக் கதையை முடித்துவிடு. எனக்கு அவள்மேல் ஒரு பாசமும் இல்லை. என் படத்தை மாலையில்லாமல், புதுக் கண்ணாடியோடு, நீயே கொண்டுவந்து இந்தச் சதுரத்தில் மாட்டிவிட்டு, மாமி காலில் ஒரு நமஸ்காரம் பண்ணு. உன்னைத் திட்ட மாட்டாள். சாப்பாடு போடுவாள்.

உன் அம்மாவுக்கு என் விசாரிப்பைச் சொல். நெற்றிக்கு ஏதாவது இட்டுக்கொண்டு வெளியே போ. நல்ல பெயரும் நீண்ட ஆயுளும் உனக்கு உண்டாகட்டும். எனக்கும் சேர்த்து வேண்டிக்கொள்.

இப்படிக்கு
உயிரோடு உள்ள உன் மாமா
சுப்பு

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் மாமி பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். வழியில் நம் வீட்டு வைதிக வாத்தியாரைப் பார்த்திருக்கிறாள். உயிரோடு இருக்கிறவனைச் செத்தான் என்று ஊர் பேசினால் அவனுக்கு ஆயுள் கூடும், எத்தனை பேர் நம்புகிறார்களோ அத்தனைக்கு நல்லது என்று அவர் சொல்லிவிட்டாராம். மாமி முகத்தில் பழைய களை வந்துவிட்டது. என்னைப் பாட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எனவே மேலே எழுதியது எதையும் செய்யாதே. படம் அங்கேயே இருக்கட்டும். வாரம் தவறாமல் காட்டு, இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் காட்டு. ரேவாவை எக்காரணம் கொண்டும் சாகவிடாதே. அவள் போய்விட்டால் எனக்கு யார் மாலை போடுவார்கள்? நெல்லையப்பனும் தன் படம் ஒன்றை இத்துடன் அனுப்பச் சொல்கிறான். என் பக்கத்தில் மாட்டுவதற்கு. மாலை பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாதாம். இப்போது தூக்குப் பாத்திரத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறான். திறந்ததும் தேங்காய்ப்பாலும் இஞ்சியும் வாசனை தூக்கிற்று. "எப்படி இருக்குவே?" என்று கேட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் எந்தப் பெயரும் சொல்லாமல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.