நெல்லித்தோப்பு கலியமூர்த்தி மீண்டும் ஓடிய வரலாறு

உலக ஓட்ட வரலாற்றை எழுதுகிறவர்கள் இனி அதை இரண்டு பாகமாகப் பிரித்துக்கொள்வது நல்லது. நெல்லித்தோப்பு கலியமூர்த்தி ஓடாமல் இருந்த காலம் ஒன்று. அவர் மீண்டும் ஓடத் தொடங்கிய காலம் இன்னொன்று. முதல் பாகம் கொஞ்சம் நீளம். இருபது வருஷத்துக்கு மேல் வரும். இரண்டாம் பாகம் போன பொங்கல் முடிந்த கையோடு, கதிர்காமத்தில் ஒரு டாக்டரின் அறையில் தொடங்கியது.

டாக்டர் சொன்னது ஒரே வார்த்தை. "நடங்க."

கலியமூர்த்தி அரசுத் துறை ஒன்றில் கண்காணிப்பாளர். எந்தத் துறை என்பது வேண்டாம். அங்கே வேலை பார்ப்பவர்களுக்கே சில நாள் அது நினைவிருப்பதில்லை. மேலிடத்து உத்தரவை உள்ளபடியே நிறைவேற்றும் பழக்கம் அங்கு யாருக்கும் கிடையாது. ஆகவே 'நடங்க' என்பதை அவர் 'ஓடுங்க' என்று திருத்திக்கொண்டார். கல்லூரி நாளில் மாநில அளவில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடியவர் அவர். எத்தனையாவதாக வந்தார் என்று கேட்பது நாகரிகம் அல்ல.

ஓடுவதற்குக் கால் போதும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் பழைய காலத்து மனிதர்கள். கலியமூர்த்தி முதலில் ஷூ வாங்கினார். பிறகு அந்த ஷூவுக்குத் தகுந்த சாக்ஸ், சாக்ஸுக்குத் தகுந்த டிரவுசர், இவ்வளவையும் கவனித்துக்கொள்ள ஒரு கைக்கடிகாரம். கடிகாரம் மகா புத்திசாலி. முதல் நாள் அவர் தெருமுனை வரை ஓடியதும், 'உங்களுக்கு மூன்று நாள் ஓய்வு தேவை' என்று எழுதிக் காட்டியது. அலுவலகத்தில் கூட இவ்வளவு பெருந்தன்மையாக யாரும் அவருக்கு லீவு கொடுத்ததில்லை.

நெல்லித்தோப்பில் பயிற்சி செய்வது ஒலிம்பிக்குக்குத் தயாராவதைவிடக் கடினம். ஒலிம்பிக்கில் தெரிந்தவர்கள் குறைவு. இங்கே ஐம்பது அடிக்கு ஒருவர் வண்டியை நிறுத்தினார்.

"என்னா சார், வண்டி ரிப்பேரா? ஏறுங்க, உட்டுட்டுப் போறேன்."

முதல் வாரம் மறுத்துப் பார்த்தார். ஒருநாள் மறுக்க மூச்சு இல்லாததால் ஏறிக்கொண்டார். அன்றைக்குத்தான் கடிகாரம் அவரை மனமாரப் பாராட்டியது. 'உங்கள் வாழ்நாள் சாதனை' என்று பட்டாசு வெடிக்கும் படமெல்லாம் காட்டியது. அந்தச் சாதனையை அவர் இன்றுவரை முறியடிக்கவில்லை.

எதிர்வீட்டில் பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சொல்தா. காலையில் காபி தம்ளருடன் கேட்டில் நின்று, "அலே! அலே!" என்று கையைத் தட்டுவார். ஓடு ஓடு என்று அர்த்தம். தட்டிவிட்டு, "கலியமூர்த்தி, பென்ஷன் வாங்க கான்சுலேட்டுக்குப் போறப்ப நானே இதவிட வேகமாப் போவேன்யா" என்பார்.

இத்தனைக்கும் நடுவில் கலியமூர்த்தி ஓடினார். மாசி பிறந்த ஒரு காலையில் கடற்கரைச் சாலை வரை போய்விட்டார். பழைய கலங்கரை விளக்கத்தைத் தாண்டும்போது, யாரோ சுவிட்சைத் தட்டியது போல, முழங்கால் வலி நின்றது. வலது பக்கம் ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. இடது பக்கம் கடல். தான் கண்காணிப்பாளர் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. டூப்ளே சிலை வருவதற்குள் வலி திரும்ப வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காக ஒரு மனிதன் தினமும் விடியலில் எழுந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

தோன்றியதை வீட்டில் சொன்னார். அவர் மனைவி ரஞ்சிதம் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஓடுறீங்க சரி. காலையில மோட்டார் போடுறது யாரு? பால் வாங்குறது யாரு? இந்த மீனு தானா ஓடி வந்துச்சா? மூணு வாரமா நான்தான் போறேன்."

"உடம்புக்காகத்தானே ரஞ்சிதம்..."

"அதுக்கு டாக்டர் நடக்கத்தான சொன்னாரு? மார்க்கெட்டுக்கு நடங்க."

நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒப்பந்தம் ஏற்பட்டது. 'புதுவை ஓட்டப் பெருமன்றம்' நடத்தும் பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் அவர் கலந்துகொள்ள வேண்டும். ஓடி முடித்த ஒவ்வொருவருக்கும் பதக்கம் உண்டு என்று மன்றம் அறிவித்திருந்தது. பதக்கத்தோடு வீடு திரும்பினால் காலை நேரம் இனி அவருடையது. பதக்கம் இல்லாமல் திரும்பினால் மோட்டார், பால், மீன். ஷூ அவள் தம்பிக்கு.

"பாதியில ஆட்டோ புடிச்சி வந்துட்டு முடிச்சிட்டேன்னு சொல்ற வேலையெல்லாம் வேணாம். மெடல கண்ணால பாக்கணும்" என்றாள் ரஞ்சிதம்.

செய்தி அலுவலகத்துக்கு எட்டியது. அங்கே பஞ்சநாதன் என்று ஒருவர் உண்டு. கலியமூர்த்தியின் பக்கத்து நாற்காலி. யாருக்கு எது நடந்தாலும் பேனர் வைத்துவிடுவது அவர் சுபாவம். சனிக்கிழமை சாயங்காலம் கலியமூர்த்தி வீடு திரும்பும்போது நெல்லித்தோப்பு முனையில் இருபது அடி உயரத்துக்கு ஒரு பேனர் நின்றது. 'பத்து கிலோமீட்டரை ஓடி முடித்து மண்ணுக்குப் பெருமை சேர்த்த ஓட்டச் செம்மலே, வருக!' மேலே அலுவலக நண்பர்கள் பதினெட்டுப் பேர் கைகூப்பிச் சிரித்தார்கள். ஓட்டச் செம்மல் கீழே மூலையில், அச்சகத்தின் செல்போன் நம்பருக்குப் பக்கத்தில் இருந்தார். மார்பளவுப் படம். கால் இல்லை.

கலியமூர்த்தி போன் போட்டார். "யோவ் பஞ்சநாதா, நாளைக்குத்தான்யா ஓட்டமே!"

"தெரியும். ஞாயித்துக்கெழம பேனர் கடை லீவு."

"நான் முடிக்கலன்னா?"

"அதுக்குத்தான மொதல்லயே வெச்சிட்டோம். இனிமே நீ எப்படி முடிக்காம போவ?"

நம் ஊர் நிர்வாகத்தின் உயரத்தை அறியாதவர்கள்தான் இதைத் தவறு என்பார்கள். திறப்பு விழா முடிந்த பிறகு பாலம் கட்டுகிற பூமி இது.

மறுநாள் விடியலில் கடற்கரைச் சாலை கோலாகலமாக இருந்தது. காற்று ஊதிய பெரிய வளைவு. அதன் பக்கத்தில் மேடை, மேடையில் சோபாக்கள். பெருமன்றத்தின் நிறுவனர், நிரந்தரத் தலைவர், தொழிலதிபர் விஜயராகவன் வந்து இறங்கினார். மேடையின் நாலு படியை இரண்டு பேர் கைகொடுத்து ஏற்றினார்கள். ஏறி, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, ஓட்டத்தின் அவசியம் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"ஓட்டம் என்பது என்ன? ஓட்டம்தான் வாழ்க்கை! ஆகவே நேரத்தை வீணாக்காமல்..." என்று ஆரம்பித்தவர் நேரத்தை வீணாக்காமலிருப்பது பற்றி மட்டும் முக்கால் மணி நேரம் பேசினார். ஓட வந்தவர்கள் முதலில் கைதட்டினார்கள். பிறகு உட்கார்ந்தார்கள். சிலர் இட்லி சாப்பிட்டு வந்தார்கள். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் அடிக்கடி மணி பார்த்தார்; ஏழரைக்குச் சாலையை வண்டிகளுக்குத் திறந்துவிட வேண்டும்.

ஒருவழியாகக் கொடி அசைந்தது. கருவடிக்குப்பம் வரை போய்த் திரும்பி வர வேண்டும். போகும்போதே கலியமூர்த்தியை எல்லோரும் கடந்து போனார்கள். இளைஞர்கள் கடந்தார்கள், அவர்களுடைய அப்பாக்கள் கடந்தார்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடிய ஒரு வெள்ளைக்காரப் பெண் "பர்தோன்" என்று மன்னிப்புக் கேட்டுக் கடந்தாள். கருவடிக்குப்பத்தில் திரும்பும்போது அவருக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மட்டும் வந்தது. அதன் டிரைவர் வேம்பு ஜன்னலில் தலையை நீட்டினார்.

"சார், ஏறிக்கிறீங்களா?"

"இல்ல."

"நெஞ்சு ஏதாவது வலிக்குதா?"

"இல்லப்பா."

"லேசாக்கூடவா? கடைசி ஆளு பின்னாலயே வரணும்னு ஆர்டரு சார். நீங்க ஏறினீங்கன்னா நான் டீ குடிக்கப் போவேன்."

கலியமூர்த்தியின் தொடை இரண்டும் தனித்தனியாக ராஜினாமா கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. இருந்தும் ஓடினார். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் கிடைத்த அந்தக் கொஞ்ச நேரம் அவருக்கு வேண்டியிருந்தது.

முத்தியால்பேட்டை மணிக்கூண்டு அருகே வழி மறிக்கப்பட்டது. அலுவலகமே அங்கே நின்றது. பஞ்சநாதன் கையில் ஆளுயர சம்பங்கி மாலை. நடுவில் ஒரு காரிலிருந்து தலைவர் விஜயராகவனை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் கழுத்தில் நீல நாடாவில் ஒரு பதக்கம் தொங்கியது.

"நில்லுய்யா!" என்றார் பஞ்சநாதன். "தலைவருக்கு ஒரு காதுகுத்து இருக்கு. போற வழியில உனக்குப் பொன்னாடை போத்த ஒத்துக்கிட்டாரு."

"ஓட்டம் முடியலயே!"

"பாராட்டு முடிஞ்சிடுமில்ல?"

நின்றால் கால் பிடித்துக்கொள்ளும் என்று கலியமூர்த்தி நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தார். இது மரபு மீறலாகக் கருதப்பட்டது. "மரியாதையா நில்லுங்க சார், போட்டோ ஆடுது" என்றார் போட்டோக்காரர். பொன்னாடை விழுந்தது. அதன் மேல் மாலை விழுந்தது. தலைவர் ஓட்டம்தான் வாழ்க்கை என்று மறுபடி தொடங்கினார். கலியமூர்த்திக்கு ஒரு கேள்வி இருந்தது: உங்கள் கழுத்தில் இருக்கிற பதக்கம் எப்படி வந்தது? கேட்க மூச்சு இல்லை. அவர் கேட்பதற்குள் கார் போய்விட்டது.

"வா, ஸ்கூட்டர்ல வீட்டுல உட்டுர்றேன்" என்றார் பஞ்சநாதன். "அதான் எல்லாம் முடிஞ்சுதே."

உண்மைதான். பேனர் ஆயிற்று, பொன்னாடை ஆயிற்று, போட்டோவும் ஆயிற்று. இனி ஓடுவதால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. கலியமூர்த்தி ஸ்கூட்டரைப் பார்த்தார். அது மிகவும் அழகாக இருந்தது. பிறகு மாலையைக் கழற்றி, வைக்க இடம் தேடி, ஆம்புலன்ஸின் முன்பக்கத்தில் போட்டுவிட்டு ஓடத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு ஊர் அவருக்குக் காட்டிய மரியாதை எந்த ஓட்டக்காரருக்கும் கிடைத்திராது. முன்னால் பொன்னாடையோடு ஒரு மனிதர் தள்ளாடி ஓடுகிறார். பின்னால் மாலை போட்ட ஆம்புலன்ஸ் ஊர்ந்து வருகிறது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். செருப்பைக் கழற்றினார்கள். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"பாவம், யாருன்னு தெரியல. வண்டிக்கு முன்னாடி ஓடுறவரு புள்ளையா இருக்கும்."

"அது சரி, சுடுகாடு கருவடிக்குப்பத்துல இருக்கு. இவங்க கடலுக்கு இல்ல போறாங்க?"

"பிரெஞ்சு குடும்பமா இருக்கும்பா. அவங்க வழக்கம் நமக்கு என்னா தெரியும்."

ஜன்னல் வழியாக வேம்பு கத்தினார். "சார், ஒரு அம்மா வண்டி மேல பூ போட்டுட்டாங்க சார்! இப்பவாவது ஏறுங்க!"

கலியமூர்த்தி கடற்கரைச் சாலையை அடைந்தபோது வண்டிகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். வளைவின் காற்றை இறக்கிக்கொண்டிருந்தார் மன்றத்துத் தொண்டர் வினோத்குமார். வளைவு ஒரு பக்கமாகச் சாய்ந்து, 'முடிவு' என்ற எழுத்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"சார், தள்ளிப் போங்க, துணி மடிக்கணும்!"

கலியமூர்த்தி தள்ளிப் போகவில்லை. நேராக அந்தத் துணிக்குள் ஓடினார். கொஞ்ச நேரம் அவர் தெரியவில்லை. துணிக்குள் ஒரு மேடு மட்டும் அப்படியும் இப்படியும் நகர்ந்தது. பிறகு மறுபக்கம் தவழ்ந்து வெளியே வந்தார். பத்து கிலோமீட்டர் முடிந்தது.

"மெடலு" என்றார் தரையில் படுத்தபடி.

"தீந்துடுச்சு சார்."

"எப்படி?"

"தலைவருக்குக் காதுகுத்து. இருந்து குடுக்க நேரமில்ல. அதனால ஓட்டம் ஆரம்பிச்சதுமே குடுத்துட்டோம்."

"யாருக்கு?"

"இருந்தவங்களுக்கு."

பக்கத்துப் பாறையில் ஒரு மீனவ வாலிபன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். வெற்றிவேல் என்று பெயராம். "எனக்கும் இல்ல சார்" என்றான். "நான்தான் மொதல்ல வந்தேன்."

வீட்டு வாசலில் ரஞ்சிதம் நின்றிருந்தாள். நெல்லித்தோப்பு வரை நடந்தே வந்தவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"மெடல் எங்க?"

"தீந்துபோச்சு."

"ஓடினவங்களுக்குத்தான மெடலு? அது எப்படித் தீரும்?"

நிர்வாகம் தெரியாதவள் கேட்கிற கேள்வி. கலியமூர்த்தி செல்போனை நீட்டினார். மன்றம் அதற்குள் வாட்ஸப்பில் படம் போட்டுவிட்டது. மேடை நிறைய ஆட்கள். தலைவர், துணைத் தலைவர்கள், தலைவரின் மச்சான், சோபா வாடகைக்குக் கொடுத்தவர், மைக் செட்காரர், அவர்களுடைய குடும்பத்தார். எல்லார் கழுத்திலும் பதக்கம். ரஞ்சிதம் படத்தை விரலால் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். பனியன் ஒட்டிக்கொண்டிருந்தது. முழங்கால் இரண்டும் சிராய்த்திருந்தன. வாசல்படியில் அவர் நின்ற இடத்தில் ஒரு சின்னக் குளம் தேங்கியிருந்தது.

"நாளைக்கு மோட்டார நானே போட்டுக்கறேன்" என்றாள். "மொதல்ல போய்க் குளிங்க."

படத்துக்குக் கீழே மன்றம் எழுதியிருந்தது: 'பத்து கிலோமீட்டரை வெற்றிகரமாக ஓடி முடித்த நம் வீரர்கள்.' வீரர்கள் ஒருவருக்கும் வியர்த்திருக்கவில்லை.