எங்கள் வாசலை மிதிக்காதீர்கள், சம்பந்தி

திருக்கழுக்குன்றம்,
செவ்வாய்க்கிழமை, கார்த்திகை, 2004.

வேடந்தாங்கல் சம்பந்தி திருநாவுக்கரசு அவர்களின் சமூகத்துக்கு, பெண்ணைக் கொடுத்த பாலசுப்ரமணியன் கைகூப்பி எழுதிக்கொண்டது. வேதகிரீசுவரர் புண்ணியத்தில் இவ்விடம் மனிதர்கள் எல்லோரும் நலம். மண் மட்டும் நலமில்லை. அவ்விடம் தங்கள் நலத்தையும், சம்பந்தியம்மாவின் முழங்கால் நலத்தையும், தங்களுக்கு என் மேல் உள்ள கோபத்தின் நலத்தையும் அறிய ஆவல்.

போனில் சொல்லவேண்டியதைக் கடிதத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். மூன்று தடவை போன் செய்தேன். "சங்கரியைத் தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்து வரமுடியாது" என்று தொடங்கியதும் தாங்கள் டொக்கென்று வைத்துவிட்டீர்கள். நடுவில் ஒரு முறை மட்டும், "வெள்ளிக்கிழமை வளைகாப்பு முடிஞ்ச கையோட நானே கார் வெச்சிக் கொண்டாந்து உங்க வாசல்ல எறக்கி உட்டுட்டுப் போறேன், எச்சக்கையால காக்கா ஓட்டாத ஆளுன்னு ஊரே பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்தீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும் அல்லவா, அந்த தைரியம்தான்.

கழுகுகளே வருவதை நிறுத்திக்கொண்ட ஊரில், ஓய்வு பெற்ற கையோடு நான் போய் வீடு வாங்கினேன். கழுகுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை. தரகர் கண்ணாயிரம், "காத்தாட கீது சார், கொல்ல சொம்மா கடல் மாரி கீது" என்றார். அந்தக் கொல்லையில் முன்பு ஒருவர் பழைய கார் பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை. போன வாரம் மாசுக் கட்டுப்பாட்டுக்காரர்கள் வந்தார்கள், ஐப்பசியில் சோதனைக்கு அள்ளிக்கொண்டு போன மண்ணின் ஜாதகத்தைப் படித்தார்கள், வாசலில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகையை நட்டார்கள். இந்த மண்ணைத் தோண்டக் கூடாது, கிளறக் கூடாது, வெளியே கொண்டுபோகக் கூடாது, கீரை காய் போட்டுத் தின்னக் கூடாது, கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, மேல்மண்ணை அகற்றித் தளம் போடும்வரை சிறு குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இங்கே தங்கவே கூடாது. பலகை நடுவதற்கு அவர்களே ஒரு முழம் தோண்டினார்கள், அதை நான் கேட்கவில்லை, எனக்கு வாய் போதாது.

கண்ணாயிரத்தைப் பிடித்துக் கேட்டேன். "ஈயந்தான சார் கீது, பாம்பா கீது? ஒங்க வூட்ல ஈயச்சொம்புல ரசம் வெக்கல?" என்றார். நானும் பாதி நம்பிவிட்டேன். பலகை நட வந்த அதிகாரியம்மாதான் தலையில் அடித்துக்கொண்டு, ரசச் சொம்பு வெள்ளீயம், இது காரீயம், தாயின் ரத்தத்தோடு போய் வயிற்றுப் பிள்ளையின் மூளையைத் தொடும் என்று விளக்கினார். அன்றிலிருந்து நான் என் சொந்தக் கொல்லையில் கோயில் பிராகாரத்தில் நடப்பதுபோல் நடக்கிறேன், உள்ளே வருமுன் கால் அலம்புகிறேன், என் வீட்டுக்காரி ஜெகதாம்பாள் விளக்குமாற்றைத் தொடாமல் ஈரத்துணியால் வீடு துடைக்கிறாள், எங்கள் முருங்கைக் கீரையை நாங்களே அந்நியர்போல் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். சட்டத்தை மீறும் ஒரே ஜீவன் பக்கத்து வீட்டுச் சந்திரம்மாவின் கோழி. பொழுதுக்கும் கிளறுகிறது. கேட்டால், "கோழிக்குப் பலகை படிக்கத் தெரியுமா அண்ணாத்த? நீயே நிக்கவெச்சி சொல்லிக்குடேன்" என்கிறாள்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாததைச் சொல்கிறேன். மசக்கை தொடங்கியதிலிருந்து சங்கரிக்கு மண் மேல் ஆசை என்பது தாங்கள் அறிந்ததே. சென்ற மாதம் போனில், "அப்பா, இந்த ஊரு களிமண்ணு வாய்க்கு வெளங்கல, மழ பேஞ்சா நம்ம கொல்லையில ஒரு வாசன வருமே, அந்த மண்ணுதாம்பா வேணும்" என்றாள். நான் சிரித்தேன். அவள் இங்கே வந்தால், நான் கட்டிப்போட்டாலும் எழுந்து போய் அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள்.

ஆகவே சம்பந்தி, ஆஸ்பத்திரிச் செலவு, மருந்துச் செலவு, சீர் எல்லாம் என்னுடையது, இடம் மட்டும் தங்களுடையது. எந்தெந்தச் சீமையிலிருந்தோ பறவைகளெல்லாம் பிரசவத்துக்கு உங்கள் ஊர் ஏரிக்கு வருகின்றன. எந்த நாரையின் அப்பனையும் யாரும் கஞ்சன் என்று சொல்வதில்லை. என் மகளும் அங்கேயே பெற்றுக்கொள்ளட்டும். தங்கள் வீட்டில், தங்கள் கண்காணிப்பில், அவள் பத்திரமாக இருக்கிறாள் என்ற ஒரு நினைப்பில்தான் நான் தூங்குகிறேன்.

சங்கரிக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள். தாங்கள் என்னைத் திட்டி முடித்த பிறகு மிஞ்சும் அன்பு ஏதாவது இருந்தால் அதையே எங்களுக்கு ஆசியாக அனுப்பவும்.

இப்படிக்கு,
பாலசுப்ரமணியன்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள், இதை மட்டும் படியுங்கள். உறையை ஒட்டுமுன் ஜெகதாம்பாளுக்குப் படித்துக் காட்டினேன். 'வெளியே கொண்டுபோகக் கூடாது' என்ற இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஏங்க, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் போயிருந்தாலும் தப்பா?" என்றாள். பலகை வருவதற்கு முன், நாவலூர் ஆபீசிலிருந்து ஊருக்குப் போகும் வழியில் எட்டிப்பார்த்த மாப்பிள்ளையிடம், சீயக்காய்த் தூள் என்று சொல்லிக் கொல்லை மண்ணைச் சலித்துக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். "புள்ள ஆசப்பட்டுக் கேட்டாளேங்க" என்று அழுகிறாள். உடனே மறுபடி தங்களுக்குப் போன் செய்தேன். என் குரல் கேட்டதுமே வைத்துவிட்டீர்கள். அதனால் இதைத் தபாலில் போடவில்லை, செங்கல்பட்டு பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்துக் கோணலுக்கு டிரைவர் பொறுப்பு. நான் தங்கள் வாசலில் நிற்கும்போது தாங்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். என்னைப் படியேற விடவேண்டாம். சங்கரியை உடனே ரத்தப் பரிசோதனைக்குக் கிளப்புங்கள், சம்பந்தியம்மா அதைத் தலைக்குத் தேய்த்திருந்தால் அவரையும். அந்த பாட்டிலைக் கோபத்தில் தங்கள் வயலில் வீசிவிடாதீர்கள், அப்புறம் தங்கள் வாசலிலும் பலகை நட்டுவிடுவார்கள். மூடியை இறுக்கி என் கையில் கொடுத்துவிடுங்கள். மகளைத்தான் அழைத்துப்போக முடியவில்லை, மண்ணையாவது அழைத்துப்போகிறேன்.