இரவல் அடைக்கோழி

'எனக்குத் தெரியாது' என்று சொல்லக் கூச்சப்படாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். வாழ்க்கையில் பாதி அவமானம் அவர்களுக்கு மிச்சம். எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவே வராது. குழந்தைக்குச் சளி என்றாலும், கொய்யா காய்க்கவில்லை என்றாலும், என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். (சரியான பதிலா என்று யாரும் உடனே போய்ப் பார்ப்பதில்லையே, அந்தத் தைரியம்தான்.) அப்படி வாயடித்துத் திரிந்தவள் ஒரு ஈஸ்டர் மதியம் என் நாத்தனாரின் தட்டில் எதைப் பரிமாறினேன் என்று நினைத்தால், இப்போதும் காது மடலெல்லாம் சூடாகிறது.

எங்கள் வீடு வில்லியனூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். பின்னால் கொஞ்சம் காலி இடம். போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, கோழி வளர்த்தே தீருவது என்று முடிவு கட்டினேன். என் வீட்டுக்காரர் அந்தோணி திருக்கனூருக்குப் போய் இரண்டு வெள்ளைக் கோழி வாங்கி வந்தார். அவை முட்டை போட்டன. போட்டுவிட்டு, யாரோ போட்ட முட்டை மாதிரி திரும்பிப் பார்க்காமல் போய்விட்டன. அந்த ரகம் அடை உட்காராதாம். எந்த வீடியோவிலும் அதைச் சொல்லவில்லை. (சொல்லியிருக்கலாம். நான் எதையும் முழுசாகப் பார்ப்பதில்லை.)

அப்போதுதான் என் நாத்தனார், அந்தோணியின் அக்கா லூர்து மேரி, கைகொடுத்தார். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். கரையாம்புத்தூரில் வயல் ஓரத்து வீடு. குஞ்சு பொரித்தால் கீரிப்பிள்ளை விட்டுவைக்காது. அதனால் தன் செவலைக் கோழியை ஒயர் கூடையில் உட்காரவைத்து, பதினோரு முட்டையைத் தவிட்டுக்குள் புதைத்து, பஸ் ஏறி வந்துவிட்டார்.

"கோழியும் என்னுது, முட்டையும் என்னுது. எடமும் தீனியும் உன்னுது. குஞ்சுல பாதி உனக்கு, பாதி எனக்கு. இன்னா சொல்ற?" என்றார். அடுத்து அவர் சொன்னதுதான் முக்கியம். "ரீனாவுக்கு அஞ்சாவது மாசம். புள்ள பொறக்கறதுக்குள்ள இதுங்க வளந்துரும். பெத்தவ ஒடம்புக்கு வூட்டுக் கோழி சாறு வச்சிக் குடுக்கணும்டி. கடையில வாங்கறது வாணாம்."

ரீனா அண்ணியின் ஒரே மகள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து உண்டான பிள்ளை. அதற்காக அண்ணி வேண்டாத மாதா கோயில் இல்லை. அப்படிப்பட்ட காரியத்தை என்னை நம்பி ஒப்படைத்தார். நானும், "அதெல்லாம் எனக்குத் தெரியும் அண்ணி, நீங்க கவலப்படாதீங்க" என்றேன். அந்த வாயை அன்றைக்கே யாராவது தைத்திருக்கலாம்.

தவக்காலத்தில் உட்கார்ந்த கோழி, ஈஸ்டருக்கு முன்னே பின்னே பொரிக்கவேண்டும் என்று கணக்கு. செவலை சாமான் அறைக்குள் ஒரு பழைய கூடையில் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருந்தது. தினமும் ஒரு தடவை நானே தூக்கி வெளியே விடுவேன். தானாக எழுந்து தின்னாது, நாம்தான் எழுப்பவேண்டும் என்று ஒரு வீடியோ. தின்றதும் அதுவே ஓடிப்போய் உட்கார்ந்துவிடும்.

ஈஸ்டர் சாப்பாட்டுக்கு அண்ணியைக் கூப்பிட்டிருந்தோம். தவக்காலம் முழுக்கக் கறி வாசனை இல்லாத வீடு. முந்தின நாள் சாயந்திரம் அந்தோணி கறிக்கென்று ஒரு கோழி வாங்கிவந்து, பின்பக்கம் கூடையைக் கவிழ்த்து மூடி, மேலே சாக்கைப் போட்டு, செங்கல்லும் வைத்திருந்தார். "செவப்புக் கோழிம்மா, நல்ல கோழி" என்றார். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

காலையில் வழக்கம்போல் செவலையைத் தூக்கி வெளியே விட்டேன். குளித்தேன், புடவை கட்டினேன், தேங்காய் உடைத்தேன். அந்தோணி பூசைக்குப் போயிருந்தார். பின்பக்கம் போனால், ஒரு சிவப்புக் கோழி ஒய்யாரமாக மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்கிறது.

அடப்பாவி, கறிக்கோழி தப்பித்துவிட்டதே!

அரைமணி நேரத்துக்கு முன்னால் ஒரு சிவப்புக் கோழியை என் கையாலேயே இறக்கிவிட்டது எனக்கு ஞாபகமே வரவில்லை. சாக்கைத் தூக்கிப் பார்க்கலாம் என்றும் தோன்றவில்லை. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு துரத்தினேன். அது சிறகை உப்பிக்கொண்டு 'குளுக் குளுக்' என்று திட்டியது. சாமான் அறைப் பக்கமே ஓடப் பார்த்தது. மறித்துப் பிடித்தேன். பட்டுப் புடவையில் மண்ணோடு தெருமுனைக் கறிக்கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனதை ஊரே பார்த்தது.

கடைக்காரத் தம்பி கோழியைத் திருப்பிப் பார்த்தான். "இன்னாக்கா, வயித்துல முடியே இல்ல? கொதியா வேற கொதிக்கிது?"

"நாட்டுக்கோழி அப்படித்தாம்பா இருக்கும். ஒனக்குத் தெரியாது" என்றேன்.

மதியம் அண்ணி வந்தார். வந்ததும் செவலையைப் பார்க்கக் கிளம்பியவரை, "பொரிக்கற நேரத்துல தொந்தரவு பண்ணக்கூடாதாம் அண்ணி, மொதல்ல சாப்பிடுங்க" என்று நான்தான் உட்காரவைத்தேன். குழம்பு ஊற்றினேன். அண்ணி ஒரு துண்டைக் கடித்துவிட்டுச் சிரித்தார்.

"ஏன்டா அந்தோணி, நல்லா ஏமாத்திக் குடுத்துருக்கான் ஒனக்கு. வெறும் எலும்பா கீது. அடையில கெடந்த கோழியாட்டம்! கொழம்பு மட்டும் ருசியா கீது ஸ்டெல்லா. இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து."

கரண்டியை எடுத்தேன். பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். 'கொக்... கொக்...' கவிழ்த்த கூடைக்குள்ளிருந்து.

சேசு மரி சூசையே! முடியில்லாத வயிறு, கொதித்த உடம்பு, அடையில் கிடந்த கோழியின் வெறும் எலும்பு, எல்லாம் அந்த ஒரு நொடியில் புரிந்துவிட்டது. இப்போது சொல்லப்போவதுதான் என் கேவலத்தின் உச்சம். கரண்டியைக் கீழே வைத்திருக்கவேண்டும். வைக்கவில்லை. அண்ணி தட்டை நீட்டினார், நான் ஊற்றினேன். தெரிந்தே ஊற்றினேன். ஒரு துண்டும் சேர்ந்து விழுந்தது. அவர் அதையும் தின்றார்.

கை கழுவிவிட்டு அண்ணி சாமான் அறைக்குப் போனார். கூடையில் முட்டை மட்டும் கிடந்தது.

"எங்கடி செவலை?"

"இங்கதான் அண்ணி மேஞ்சிக்கினு இருந்துச்சு..." என்றேன். சொன்னதோடு நிற்காமல், "பா... பா... பா..." என்று கூப்பிட்டுக்கொண்டே கொல்லையைச் சுற்றித் தேடவும் ஆரம்பித்தேன். கோழி திருடியும் கூடக் குலாவுகிறாள் என்பார்களே, அது நான்தான். வேலிக்கு அடியில் எல்லாம் குனிந்து பார்த்தேன்.

அதற்குள் அந்தோணி செங்கல்லை எடுத்து, சாக்கை விலக்கி, கூடையைத் தூக்கினார். அவர் வாங்கிவந்த கோழி வெளியே வந்து சோம்பல் முறித்தது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாசலில் நின்றிருந்த அக்காவைப் பார்த்தார்.

அண்ணி திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார். "நான் வளத்தத நான் தின்னமாட்டேன் ஸ்டெல்லா. விப்பேன், யாருக்காச்சும் குடுப்பேன். தின்னது கெடயாது. ரெண்டாவது வாட்டி கேட்டப்ப கூடையில கொக்குன்னு சத்தம் வந்துச்சே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமே." தண்ணீர்த் தொட்டிக்குப் போய் வாயைக் கொப்பளித்தார். மறுபடி கொப்பளித்தார். நான் செத்துவிடலாம் போலிருந்தது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு முட்டைகளை ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டார். சாமான் அறைக்குச் சிமெண்ட் ஷீட் கூரை. பங்குனி வெயிலில் உள்ளே அடுப்பு மாதிரி காயும். நான் செய்த பாவத்தை அந்த வெயில் பாதி மன்னித்திருந்தது. "உயிர் கீது. குண்டு பல்பு இருந்தா எடுத்தாடா" என்றார் தம்பியிடம். தவிடு, பழைய துணி, பல்பு எல்லாம் வந்தன. அன்றைக்கு ஊருக்குத் திரும்பவேண்டியவர் அங்கேயே பாயைப் போட்டுவிட்டார். முட்டையோடு பேசினார், தம்பியோடு பேசினார். என்னோடு மட்டும் பேசவில்லை. நான் காப்பி கொண்டுபோய் வைப்பேன், குடிப்பார். அவ்வளவுதான்.

இரண்டு நாளில் ஆறு குஞ்சு வந்தது. மீதி ஐந்து வரவில்லை. அண்ணி கிளம்பும்போது மூன்றை அட்டைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு மூன்றை விட்டுவைத்தார்.

"ஐயோ அண்ணி, எல்லாத்தயும் எடுத்துட்டுப் போங்க. எனக்கு வேணாம். என்னை நம்பி விடாதீங்க" என்று அழுதேவிட்டேன்.

"பேசனது பேசனதுதான். பாதி உனக்கு." பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "உன்ன நம்பி யாருடி உட்டா? அந்தோணிய நம்பி உடறேன்."

கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதும் இந்தப் பாவத்தைச் சொன்னேன். சாமியாருக்கு நடுவில் ஒரு இருமல் வந்தது. அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மூன்று குஞ்சையும் அந்தோணிதான் வளர்த்தார். எனக்குக் கூடு திறக்கும் அதிகாரம் பறிபோயிருந்தது. ரீனாவுக்கு ஆண் குழந்தை பிறந்ததும் மூன்று கோழியையும் கொண்டுபோய் அண்ணியிடம் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். சாறும் வைத்தார். பச்சை உடம்புக்காரி குடித்து முடித்ததும், "அத்த, இது யாரு வூட்டுக் கோழின்னு நல்லா பாத்துட்டுத்தான குடுத்தீங்க?" என்று கேட்டாள். முதலில் சிரித்தது அண்ணிதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கட்டும், அதற்காகவே இன்னும் எத்தனை வாங்கிக் கட்டிக்கொள்ளவும் தயார்.

இப்போது அந்தப் பையன் ஓடுகிறான், பேசுகிறான். அண்ணி வீட்டுக்கு நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவில் நடந்துவரும்போதே அவனுக்குத் தெரிந்துவிடும். "ஆயா! ஸ்டெல்லா ஆயா வருது! கோழிய மூடு!" என்று அண்ணியிடம் கத்திக்கொண்டே உள்ளே ஓடுவான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சிரித்துக்கொண்டேதான் அண்ணி எழுந்து போவார். போய்க் கோழியை மூடிவிட்டு வருவார்.